என்னத்துக்கு அரைக்கணும்?

எங்கள் தெரு மாவு மில்லில் தூக்குப்பையைத் தராசில் வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். "என்னத்துக்கு அண்ணாச்சி?" சப்பாத்திக்கா, கஞ்சிக்கா, பிள்ளைக்குக் கூழ் காய்ச்சவா என்று தெரிந்தால்தான் மில்லுக்கார அம்மா இயந்திரத்தின் பக்கத்திலிருக்கும் திருகில் கை வைப்பார். கால் சுற்று தளர்ந்தால் ரவை, கால் சுற்று இறுகினால் மாவு. பாளையங்கோட்டையில் பாதி வீட்டு அடுக்களையில் என்ன வேகிறது என்பது அவருக்குத் தெரியும். என் வீட்டு விஷயத்தில் மட்டும் மூன்று மாதம் ஏமாந்தார். நான்தான் ஏமாற்றினேன்.

பிஸ்கட் சுட வேண்டும் என்ற ஆசை எனக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தது. மகள் வேலைக்கு வெளியூர் போனபோது விட்டுச்சென்ற சின்ன மின்அடுப்பு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. மகள் அதை 'அவன்' என்றுதான் சொல்வாள். "அவன் சூடாயிட்டானா?" என்று நானும் மனைவியும் பேசிக்கொள்வதைக் கேட்டு, விருந்துக்கு வந்த பெரியம்மா ஒருத்தி யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்ததுண்டு. மைதா வேண்டாம், முழுக் கோதுமையை நாமே அரைத்துச் செய்வோம் என்று முடிவு செய்தேன். ஆனால் மில்லில் பொம்பளையாட்கள் எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது, நரைத்த மீசையோடு ஒருவன் "பிஸ்கட்டுக்கு" என்று எப்படிச் சொல்வது? "சப்பாத்திக்கு" என்றேன்.

அந்த ஒரு பொய்யின் விலை மூன்று மாதம்.

இருநூறு கிராம் மாவு, நூற்றுப்பத்து கிராம் வெண்ணெய், தொண்ணூறு கிராம் நாட்டுச்சர்க்கரை, அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, நாலு ஏலக்காய், பிசைய இரண்டு ஸ்பூன் பால். கணக்கில் தப்பில்லை. உருட்டித் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால், வைத்த மேனிக்கு வெந்து வெளியே வரும். பிஸ்கட் என்றால் சூட்டில் கொஞ்சம் உருகிப் பரந்து, ஓரம் மெலிந்து, நடுவில் வெடித்திருக்க வேண்டும் அல்லவா? என்னுடையவை அப்படியே உருண்டையாக, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "கொழுக்கட்டைதான் சரி, பூரணத்தை எங்க?" என்றாள் மனைவி.

அடுப்பைக் குறை சொன்னேன். வெண்ணெய்யை மாற்றினேன். சர்க்கரையைக் கூட்டினேன். குற்றம் மாவில் இருந்தது, அதாவது என் வாயில் இருந்தது. சப்பாத்திக்கென்று அரைக்கும்போது கல்லை நன்றாக நெருக்கி ஒரே ஓட்டில் நைய விடுவார்கள். அந்த அழுத்தத்தில் கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் கீறி உடைந்துபோகின்றன. உடைந்த துகள் தண்ணீரை நிறையக் குடிக்கும், குடித்ததை விடாது. சப்பாத்தி மறுநாளும் மெத்தென்று இருக்கிறதென்றால் அந்தக் குணத்தால்தான். அதே குணம் பிஸ்கட்டுக்கு வினை. இருக்கிற சொற்ப ஈரத்தையும் மாவு இழுத்துக் கட்டிக்கொண்டால் அது எங்கே இளகுவது, எங்கே பரவுவது? தவிடு வேறு தன் பங்குக்கு உறிஞ்சும்.

நாலாவது மாதம் கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்துப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"பிஸ்கோத்துக்கா?" என்றார். சிரிக்கவில்லை; அதுவே பெரிய நிம்மதி. "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா."

கோதுமை ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். கடக்கென்று உடைந்தது. நமத்த கோதுமை நசுங்கும், உடையாது; அது கல்லில் அப்பிக்கொண்டு மாவு கட்டி கட்டியாக விழும். முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, இரண்டு நாள் மாடி வெயிலில் போட்டிருந்தேன் என்பதால் அந்தத் தேர்வில் பாஸ். பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். திருகைத் தளர்த்தி முதல் ஓட்டு விட்டார். கோதுமை நொய்யாக விழுந்தது. அதை அலுமினியத் தட்டில் பரப்பி, கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு இழை மட்டும் நெருக்கி மறுபடி விட்டார். "ஒரேயடியா நெருக்குனா மாவு கொதிச்சிரும் அண்ணாச்சி." முன்கை வரை வெள்ளை, புருவமெல்லாம் வெள்ளை. துணிக்குழாயை அவர் தட்டத் தட்ட, கடைசி மாவு பொதுக்கென்று விழுந்தது.

ஒரே அடியில் நொறுக்காமல் படிப்படியாக உடைப்பது ஒன்றும் சின்ன விஷயமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புடாபெஸ்ட் மில்காரர்கள் உருளை இயந்திரங்களை வைத்து இதே வழியில்தான் உலகம் மெச்சிய வெள்ளை மாவை எடுத்தார்கள். ஒரு வித்தியாசம், அவர்கள் போகிற வழியில் தவிட்டையும் முளையையும் ஒதுக்கிவிட்டார்கள். முளை என்பது கோதுமையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது. ஆனால் எண்ணெய் அதில்தான் செறிவு. அரைபட்டவுடன் அந்த எண்ணெய் காற்றுப்பட ஆரம்பிக்கும். சில வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். அதை நீக்கிய மாவு மாதக்கணக்கில் கெடாது, கப்பலேறும், கடையில் காத்திருக்கும். நீக்கியதால் மணமும் போயிற்று என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவுக்கு மணம் உண்டென்பதே எனக்கு மில் வாசலில் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. சூடான அந்த மாவில் பச்சை வேர்க்கடலையை நசுக்கிய மாதிரி ஒரு வாசனை. மழைக்கு முன் வைக்கோல் போரிலிருந்து வருவது போலவும் இருக்கும். ஒரு வாரம் டப்பாவில் இருந்தால் பாதிதான் மிஞ்சும்.

அமெரிக்காவில் சில்வெஸ்டர் கிரகாம் என்ற பாதிரியார் இதற்காகவே மல்லுக்கு நின்றவர். 1837இல் ரொட்டியைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். தவிடு நீக்காத மாவு, கூடுமானவரை புதிதாக அரைத்தது, வீட்டில் சுட்ட ரொட்டி என்பது அவர் கட்சி. காபி கூடாது, டீ கூடாது, மசாலா கூடாது, இறைச்சி கூடாது என்றும் சொன்னார். அந்த இடத்தில் நான் அவரோடு கா விட்டுவிடுவேன். இன்றைக்கு அவர் பெயரில் அங்கே விற்கிற பிஸ்கட்டில் சர்க்கரை போடுகிறார்கள் என்பதை அறிந்தால் மனிதர் என்ன ஆவாரோ.

மாவு சரியானதும் முதல் தட்டு சரியாக வந்ததா? வரவில்லை. ஆசை மிகுதியில் மில்லிலிருந்து வந்த சூட்டோடு வெண்ணெய்யில் கொட்டிவிட்டேன். சர்க்கரையோடு அரை மணி நேரம் குழைத்து, வெளுத்து நுரைத்திருந்த வெண்ணெய் கண்ணெதிரே எண்ணெய்யாக இளகிப்போனது. இப்போதெல்லாம் மாவைப் பேப்பரில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிடுகிறேன். பிசைந்த பிறகும் அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். தவிடு ஊறவில்லை என்றால் பல்லில் உமி போல நெருடும். இன்னொன்று, புது மாவு பூப்போல உப்பியிருக்கும். கப்பால் அளந்தால் எடை குறையும்; தராசுதான் பேச வேண்டும். நூற்றெழுபது டிகிரியில் பதினாறு நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று பயம் வரும். மறுபடி உள்ளே தள்ளக் கூடாது. ஆறினால்தான் இறுகும். பிஸ்கட் என்ற சொல்லுக்கு லத்தீனில் இரண்டு முறை வெந்தது என்று பொருளாம். என்னுடையது வேகுவது ஒரு முறை, அரைபடுவதுதான் இரண்டு முறை.

ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் பாளம் வெடித்து, கடித்தால் மணல் மணலாக உதிர்கிற பிஸ்கட் கடைசியில் வந்தே விட்டது. மனைவி இரண்டு எடுத்துக்கொண்டாள். கருத்து ஏதும் சொல்லவில்லை, மூன்றாவதையும் எடுத்தாள்.

மில்லில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாரும் தன் தானியத்தை உடனே கொட்டிவிட மாட்டார்கள். "முன்னாடி என்ன ஓடிச்சு?" என்று கேட்பார்கள். போன ஆளின் மாவு ஒரு கைப்பிடி கல்லுக்குள்ளே தங்கியிருக்கும், அது அடுத்த ஆளின் பையில்தான் விழும். அரிசிக்காரர்கள் அரிசிக்குப் பின்னால், கோதுமைக்காரர்கள் கோதுமைக்குப் பின்னால் நிற்கப் பார்ப்பார்கள். ராகிக்குப் பின்னால் இடியாப்ப அரிசியைப் போட்டுவிட்டதாக ஒரு தடவை பெரிய சண்டையே நடந்தது.

போன மாதம் அவசரத்தில் நான் கேட்க மறந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால் மாவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. எனக்கு முன்னால் ஒரு ஆச்சி உளுந்தங்களிக்குத் தொலி உளுந்தை வறுத்துக் கொண்டுவந்து அரைத்திருக்கிறார். கொட்டவும் மனமில்லை, சுட்டேன். அடுப்புக்குள்ளிருந்து வந்த மணத்துக்கு அடுத்த வீட்டுப் பையன் சுவரேறி எட்டிப் பார்த்தான். இதுவரை சுட்டதிலேயே அதுதான் உருப்படி. பிறகு நானே உளுந்தை வறுத்து, அளந்து கலந்து பார்த்தேன், வரவில்லை. அந்த ஆச்சி எந்தப் பதத்தில் இறக்கினாரோ, அவருக்குத்தான் தெரியும்.

நேற்று மில்லில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் கையில் கம்பு, இன்னொருவர் கையில் கோதுமை. "கோதுமைதான் ஓடுது, வாங்க அண்ணாச்சி, போட்டுருவோம்" என்றார் அந்த அம்மா. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"இருக்கட்டும்மா. அந்த உளுந்து ஆச்சி எந்தக் கிழமை வருவாங்க?"