இடையில் வரும் னகரம்

துருக்கியில் வீட்டுக்கு ‘எவ்’ என்று பெயர். என் வீடு ‘எவிம்’, உன் வீடு ‘எவின்’, அவன் வீடு ‘எவி’. யாருடையது என்பதைப் பெயரின் வாலில் ஒட்டிவிடுவார்கள். வேற்றுமை உருபு அதற்குப் பிறகுதான். ‘எவ்லெரிமிஸ்தென்’ என்றால் எங்கள் வீடுகளிலிருந்து.

துருக்கிக் கதைகளைத் தமிழாக்கத் தொடங்கியபோது இந்த வரிசை எனக்குச் சிரமமாக இல்லை. உருபு ஒட்டிப் பேசியே பழகிய நாக்கு நமது. என்னைச் சறுக்கவைத்தது ‘எவிந்தே’ என்ற ஒரு சொல். உன் வீட்டில் என்றும் பொருள்படும், அவன் வீட்டில் என்றும் பொருள்படும். அவள் வீட்டில் என்றாலும் இதே சொல்தான். அங்கே படர்க்கையில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஒரு கதையில் ‘கடிதம் உன் வீட்டில் இருக்கிறது’ என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்க்கும்போதுதான் அது அவள் வீடு என்று பிடிபட்டது. கடிதம் யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் அந்தக் கதையே.

குழப்பத்தின் வேர் இடையில் வரும் னகரம். உன் வீட்டில் அது ‘உன்’ என்பதன் அடையாளம். அவன் வீட்டிலோ ‘எவி’க்கும் ‘தே’க்கும் நடுவே தானாக வந்து நிற்கிறது. ‘மரம்’ ‘ஐ’யோடு சேரும்போது ‘அத்து’ நுழைந்து ‘மரத்தை’ ஆகிறதே, அந்தச் சாரியையின் வேலைதான் இதற்கும். இஸ்தான்புல்லின் தொப்காபு அரண்மனை ‘தொப்காபு சராயு’. முகல்சராய் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் அதே சராய். அரண்மனைக்கு என்றால் ‘சராயா’. தொப்காபு அரண்மனைக்கு என்றால் ‘தொப்காபு சராயுனா’. பெயரோடு ‘அதன்’ ஒட்டியிருப்பதால் னகரம் வந்துவிடுகிறது. (இங்கே நான் உகரமாக எழுதுவது துருக்கியர் புள்ளி வைக்காமல் எழுதும் ‘இ’. நம் குற்றியலுகரத்தைப் போலவே ஒலிக்கும்.)

இரண்டாம் வேற்றுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘கிதாப் ஒகுதும்’: புத்தகம் படித்தேன். ‘கிதாபு ஒகுதும்’: புத்தகத்தைப் படித்தேன். ஏதோ ஒன்றா, குறிப்பிட்ட அந்த ஒன்றா என்பதை உருபே சொல்லிவிடுகிறது. தமிழில் ஒரு நூலிழையும் சிதறாமல் அப்படியே வந்து உட்காரும்.

1856இல் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் துருக்கி மொழிகளும் அடங்கிய ஒரு பெருங்குடும்பத்தோடு உறவுபடுத்தினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. உறவு இல்லாவிட்டாலும் ஒட்டும் முறை ஒன்று. மொழிபெயர்ப்பு வேலைக்கு அது போதும்.

துருக்கி நாவலாசிரியர் ஓரான் பாமுக்கைக்கூட நாம் ஆங்கிலத்தின் வழியாகத்தான் படித்தோம். தமிழ் இலக்கணத்தில் ருசி கண்ட இளைஞர்கள் நாலைந்து பேராவது துருக்கி கற்க வாருங்கள். நேரடியாகப் பெயர்க்க ஆள் வேண்டும்.