பாதி வழியில் ஒரு விசா

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் விசா எடுத்துத் தரும் எங்கள் தொழிலுக்கும் சீசன். வளைகுடா நாடுகளில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய விடுமுறை விடுவதும் அப்போதுதான். கடையநல்லூர், செங்கோட்டை, புளியங்குடி ஆட்கள் குடும்பத்தோடு லீவில் வந்து இறங்குவார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே தென்காசியில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களும் உண்டு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, திரும்பிப் போற வழியில பாரிஸ், சுவிஸ் பாத்துட்டுப் போலாம்னு இருக்கோம். இப்ப சொந்த ஊர்லதான இருக்கோம், விசா லேசாக் கிடைச்சிரும்லா?"

லேசில் கிடைக்காது. சொந்த ஊரில் இருப்பதுதான் அங்கே இடைஞ்சல். பாரிஸுக்கும் சுவிஸுக்கும் பொருந்தும், ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த ஷெங்கன் விசா சட்டம், ஒருவர் எங்கே பிறந்தார் என்று பார்ப்பதில்லை. சட்டப்படி எங்கே குடியிருக்கிறார் என்று பார்க்கிறது. எமிரேட்ஸ் ஐடி வைத்திருப்பவர் குடியிருப்பது அமீரகத்தில். அவர் மனுப்போட வேண்டியதும் அங்கேதான். தென்காசியில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் தூதரகத்தின் கணக்கில் அவர் வெளியூரில் இருக்கும் பயணி. அதே சட்டத்தின் ஆறாவது பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது: குடியிருக்காத நாட்டிலும், சட்டப்படி தங்கியிருப்பவர் மனுப்போடலாம்; ஆனால் ஏன் குடியிருக்கும் நாட்டில் போடவில்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைத் தூதரகம் ஏற்க வேண்டும். லீவில் வந்த இடத்தில் திடீரென்று ஆசை வந்தது என்பதை ஒரு காரணமாக நான் எழுதித் தருவதில்லை. "துபாய் போய்ப் போடுங்க, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்" என்றுதான் சொல்வேன். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே மனுப்போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. திட்டமிடுகிறவருக்கு அது தாராளமான காலம்.

பயணத்தின் நடுவில் விசா எடுக்கும் வேலை முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எங்கே போகப் போகிறீர்கள் என்பதை நான் முதலில் கேட்பதில்லை. இப்போது எந்த நாட்டில், எந்த அனுமதியில் இருக்கிறீர்கள், அது என்றைக்கு முடிகிறது என்று கேட்கிறேன். அடுத்த நாட்டின் விசாவுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும், இப்போது நிற்கிற நாட்டில் ஒரு நாள் கழிகிறது. இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கை முதலில் படித்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. விசிட் விசாவில் துபாய்க்கு வேலை தேடிப் போன பையன்கள். விசா முடியும், வெளியேற வேண்டும், ஊருக்கு வந்து திரும்ப டிக்கெட் காசு இருக்காது. வளைகுடாவின் எதிர்ப்பக்கம் ஈரானுக்குச் சொந்தமான கிஷ் தீவு. துபாயிலிருந்து சற்று நேர விமானப் பயணம். தடையற்ற வணிகப் பகுதி என்பதால் முன்கூட்டி விசா வாங்காமலே இறங்கி 14 நாள் தங்க முடிந்தது. புது விசாவின் நகல் துபாயிலிருந்து வரும்வரை அங்கே மலிவான விடுதிகளில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் படுத்துக் கிடந்தார்கள். விசா தாமதமானால் கையிருப்பு கரையும். ஊருக்குச் சொல்லவும் மனம் வராது. "கிஷ்ஷுல கெடந்தேன்" என்று இன்றைக்கும் சொல்கிற மனிதர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். காத்திருக்கும் இடத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று எங்கள் தொழில் அவர்களிடமிருந்துதான் கற்றது.

இன்றைய குடும்பங்களின் பாதை வேறு. 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் அனுமதிக்கத் தொடங்கியது; தாய்லாந்து அதற்குச் சற்று முன் நவம்பரில். அதன்பின் கோலாலம்பூரில் இறங்கியபின் அடுத்ததை யோசிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிற நாடு. நான் அலுவலகம் திறக்கும்போது அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் வரும் வாட்ஸ்அப் அழைப்பு என்றால் சிங்கப்பூர் பற்றியது என்று எடுக்கும் முன்பே தெரியும்.

சிங்கப்பூரை நடுவழியில் முடிக்க முடியும். அந்த விசா மின்விசா; பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ ஓர் உறவினர் இருந்தால் அவரே சிங்பாஸ் வழியாக இவர்களுக்காக மனுப்போடலாம். 14ஏ படிவம், அறிமுகக் கடிதமான வி39ஏ, வெள்ளைப் பின்னணியில் புதிய படம், அவ்வளவுதான். வியட்நாமும் முடியும்: 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை மின்விசா, ஒருமுறை நுழைய 25 டாலர். அந்த மனுவில் எந்த வாயில் வழியாக நுழைவீர்கள் என்று கேட்பார்கள். விமான நிலையத்தைக் குறித்துவிட்டு, கம்போடியாவிலிருந்து பேருந்தில் போய் எல்லையில் நிற்காதீர்கள். குறித்த வாயிலிலேயே நுழையுங்கள்.

முடியாதது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டித் தரும் விசா. கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஷெங்கன் கேட்கும் பயணியை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்ல 15 நாள். மேலும் ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீளலாம். இவர் தங்க அனுமதி 30 நாள். அத்தனை நாளும் பாஸ்போர்ட் கையில் இருக்காது. வீட்டில் ஒரு அவசரம் என்றால் விமானம் ஏற முடியாது. இந்த மனுவை நான் தொடுவதில்லை. பிரிட்டன் இதில் மாறுபட்டது. அதன் விசிட் விசாவுக்குப் பிரிட்டனுக்கு வெளியே எந்த நாட்டிலிருந்தும் மனுப்போடலாம். அமெரிக்கா 2025 செப்டம்பரில் எதிர்த்திசைக்குப் போனது: குடியுரிமை உள்ள நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் போக வேண்டும் என்று அறிவித்துவிட்டது. பாங்காக்கில் தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்று டிக்கெட் போட்டுப் போன காலம் அதோடு முடிந்தது.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். நம் வழக்கம் தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும். நம் ஆட்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பிய எத்தனை தாய்மார்கள் அந்த வாரங்களில் கலங்கிப்போனார்கள்! ஊரில் இருந்தால் பெயரைப் பிரித்து எழுதி பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிவிடலாம். வெளிநாட்டில் நிற்கும்போது அதற்கு இந்தியத் தூதரகம் போக வேண்டும்; புதிய எண் வரும்; கையில் உள்ள விசா பழைய எண்ணில் இருக்கும். அதனால் டிக்கெட் பேசுவதற்கு முன் பெயர்ப் பக்கத்தைக் காட்டச் சொல்கிறேன்.

முகவரியும் அப்படியே. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்திய பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி மாவட்டம், இப்போதைய வங்கிக் கணக்கில் தென்காசி மாவட்டம். நமக்குத் தெரியும் ஒரே வீடு என்று. பார்சிலோனாவுக்கு விசா தரும் அதிகாரிக்குத் தெரியாது. கவரிங் லெட்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்கத்தான் வேண்டும்.

அவசரத்தில் இருப்பவரிடம் போலி ஓட்டல் பதிவையும் போலி டிக்கெட்டையும் விற்பவர்கள் பெருகியிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பணத்தைத் திருப்பித் தரும் வசதியுள்ள உண்மையான பதிவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. போலிக்கு அவசியமே இல்லை. போலி பிடிபட்டால் விற்றவருக்கு ஒன்றும் ஆகாது; மனுப்போட்டவருக்குத்தான் விசா மறுக்கப்படும். ஷெங்கன் நாடுகளின் பொதுவான விசாப் பதிவேட்டில் மறுப்பு ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். அடுத்து மனுப்போடுகிற எந்த ஷெங்கன் நாட்டின் அதிகாரியும் அதைப் பார்ப்பார். மற்ற நாடுகளின் படிவங்களும் முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்று நேராகவே கேட்கின்றன.

எனவே ஸ்டிக்கர் விசா எது வேண்டுமானாலும் குடியிருக்கும் இடத்திலேயே வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் எடுக்க மின்விசாக்களை மட்டும் விட்டுவையுங்கள். முன்பு எங்காவது மறுக்கப்பட்டிருந்தால் படிவத்தில் ஆம் என்றே எழுதுங்கள். அந்த மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். என்னிடமோ வேறு எந்த ஏஜென்டிடமோ போகும்போது பாஸ்போர்ட்டோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள்.