பாலத்தடியில் கூழைக்கடா

கடந்த பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஏழு பெண்களோடு பறவை பார்க்கப் புறப்பட்டேன். எல்லோரும் குடும்பப் பாரத்தைத் தனியே சுமப்பவர்கள். "வீட்டில ஆடு கத்துது, நாங்கள் குருவி பார்க்கப் போறம்" என்று ஓர் அக்கா சிரித்தார். ஆனால் வானில் முதலில் ஏறியவர் அவர்தான்.

முதலில் அராலிக்குப் போனோம். குடாநாட்டின் ஒரேயொரு ஆறு என்று சொல்லப்படும் வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி, இங்குதான் கடனீரேரியில் கலக்கிறது. பங்குனி என்பதால் ஆறு வறண்டு கிடந்தது. கடனீரேரியின் ஆழமில்லாத நீரில் பவளக்கால் உள்ளான்கள் நின்றன. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள்! வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சிற்றுயிர்களை வடித்துத் தின்பவை. அந்த உணவிலுள்ள நிறப்பொருளால்தான் அவற்றின் இறகு சிவக்கிறது என்றேன். "நாங்களும் எவ்வளவு இறால் திண்டம், நிறம் வரேல்லையே!" என்றார் ஒரு தங்கச்சி.

இங்கே காணும் வாத்துகள், உள்ளான்கள் பல வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகின்றன. 2021 இல் மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவப் பகுதிவரை பறந்து, மீண்டும் மன்னாருக்கே வந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

"அதுகளும் எங்களைப் போல இடம்பெயர்ந்ததுகளோ?" என்று ஒருவர் கேட்டார்.

சமூகவியல் படித்த காலத்தில் இடப்பெயர்வின் வகைகளைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியவள் நான். "இல்லை அக்கா. அதுகளுக்குப் புறப்படுகிற காலமும் தெரியும், போய்ச் சேருகிற இடமும் தெரியும்" என்றேன்.

"எங்களுக்கு இரண்டும் தெரியாமல் எல்லோ ஓடினாங்கள்" என்றார்.

பின்னேரம் நாவற்குழிக்குப் போனோம். செம்மணியைக் கடக்கும்போது ஒருவரும் கதைக்கவில்லை. பாலத்தடியில் எல்லோரும் இறங்க, ஓர் அம்மா மட்டும் வானிலேயே இருந்துவிட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் மழையில் நெரிபட்டுப் போன பாதை இது. அன்று கைக்குழந்தையோடு இங்கே நின்றவர் அவர். பஸ்ஸில் போனாலும் பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாராம். நான் வற்புறுத்தவில்லை. அந்த இரவில் எனக்கு ஏழு வயது. அப்பாவின் சைக்கிள் கரியரைப் பிடித்திருந்த கை விறைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

சிறிது நேரத்தில் வான் யன்னலால் குரல் வந்தது. "பிள்ளை, அந்தப் பெரிய பறவை என்ன?"

"கூழைக்கடா அம்மா."

மெல்ல இறங்கி வந்தார். தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்டைக்கும் இதுகள் இங்க நிண்டிருக்கும் என்ன? நாங்கள்தான் காணேல்ல."

திரும்பும்போது, வடக்கே போகிற பறவைகள் எப்போது வரும் என்று கேட்டார். ஐப்பசியளவில் என்றேன். அது அந்த இடப்பெயர்வு நடந்த மாதம் என்பது இருவருக்கும் தெரியும். "அப்பவும் கூட்டிக்கொண்டு வா பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு தரவையோ குளமோ கடனீரேரியோ இருக்கும். காலை வெயில் ஏறுமுன் அயலவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பறவைகளுக்குக் கிட்டப் போக வேண்டாம், சத்தம் போட வேண்டாம். கூட வருபவர் இறங்க மனமில்லாமல் இருந்தால் வற்புறுத்தவும் வேண்டாம். வானுக்குள் இருந்தும் பறவை தெரியும்.