கொழுந்தனும் பெட்டிக்கடையும்

அடியே மல்லி,

சேதி கேட்டாயா? என் கொழுந்தன் சிகரெட்டைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டான்! டாக்டர் மிரட்டியும் கேட்காதவன், மாமியார் பழநிக்கு நேர்ந்துகொண்டும் திருந்தாதவன். சிம்மக்கல்லை விட்டு ஊமச்சிகுளம் பக்கம் குடிவந்தோம் பார், அதில் நடந்தது இது. இங்கே கடைக்கு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். அவன் சோம்பேறித்தனம்தான் உனக்குத் தெரியுமே.

பழைய வீட்டில் வாசலை ஒட்டியே அண்ணாச்சியின் பெட்டிக்கடை. பால் வாங்கப் போனால் ஒன்று, டீக்கு ஒன்று, மீதிச் சில்லறைக்கு ஒன்று. முழு பாக்கெட் வாங்கவே மாட்டான். பாக்கெட் வைத்திருப்பவன்தான் சிகரெட் பிடிக்கிறவனாம், இவன் 'சும்மா எப்பவாவது' ஆளாம்! அட்டையில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போடுகிறார்களே, உதிரியாக வாங்குகிறவன் கண்ணில் அது எப்படிப் படும்? அண்ணாச்சி ஒன்றை உருவிக் கொடுப்பார், தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு இவன் நகர்ந்துவிடுவான். அண்ணாச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், தம் அடிக்க வருகிறவன்தான் வாழைப்பழமும் வாங்குகிறான்.

என் மகள் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பின்லாந்தில் இதையே ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்களாம். வீட்டுக்கும் கடைக்கும் 500 மீட்டர் தூரம் கூடினால், பழக்கத்தை விடும் வாய்ப்பு 20 முதல் 60 சதவீதம் வரை கூடியதாம். அந்த ஏரியா ஆட்களே வேறு மாதிரி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரே ஆளின் முன்கதையையும் பின்கதையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே விட்டவர் மறுபடி தொடங்குவதற்கும் தூரத்துக்கும் சம்பந்தம் தெரியவில்லையாம். எனக்கென்னவோ, விட நினைக்கிறவனைத் தெருமுனைக் கடைதான் கவிழ்க்கிறது என்று படுகிறது. ஆசை ஐந்து நிமிஷம்தானே இருக்கும், கடை ஐந்தடியில் இருந்தால் அதுதான் ஜெயிக்கும்.

கடைகளையே குறைக்கப் பார்த்தவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 2024 ஜூலை முதல் சூப்பர் மார்க்கெட்டில் சிகரெட்டே கிடையாதாம். நியூசிலாந்துக்காரர்கள் 2022-ல் சட்டமே போட்டார்கள், சுமார் 6,000 கடைகளை 600 ஆக்குவதற்கு. ஆட்சி மாறியதும் 2024-ல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் 2003 சட்டப்படி பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. இன்டர்வெல்லில் ஒரு பையன் ஓடிப்போய்த் திரும்பிவரும் தூரம், அவ்வளவுதான்! 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம், புகையிலை விற்கிற கடையில் மிட்டாய், சிப்ஸ் எல்லாம் வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. நீயே சொல், மிட்டாய் பாட்டில் இல்லாத பெட்டிக்கடையை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

இப்போது இங்கே புதுக் கலாட்டா. எங்கள் கட்டடத்தின் கீழே காலியாகக் கிடக்கிற கடைக்கு ஒரு டீக்கடைக்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். டீக்கடை வந்தால் சிகரெட் வராமலா இருக்கும்? ஓரகத்தி, அங்கே தையல் கடைதான் வர வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள். கொழுந்தனோ, வயதானவர்களுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இல்லாமல் எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று அசோசியேஷன் தலைவரிடம் உருகிக்கொண்டிருக்கிறான்! முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். உன் நாத்தனார் கல்யாண விஷயம் என்ன ஆச்சு, அதை ஒளிக்காமல் எழுது.

உன்,
செல்வி