பச்சைக் கண் சுறாவும் என் பொய்க் கணக்கும்

கொச்சித் துறைமுகத்தில் ஆழ்கடல் சுறாக்களைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறேன். பிடித்த இடத்தை மாற்றிச் சொன்னேன். மீன் குறையவே இல்லை என்றேன். குமரிக் கரையில் தூத்தூரில் பிறந்து, சுறாத் தூண்டிலை நம்பிப் படகு வைத்தவன் நான். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. பாவம் என்றே அப்போது தோன்றவில்லை.

நாங்கள் பிடித்தது, கல்பர் சுறா என்று ஆய்வாளர்கள் சொல்லும் மீன். வெளிச்சம் எட்டாத கடலடிச் சரிவுகளில் திரிவது. இரண்டு முதுகுத் துடுப்புக்கும் முன்னால் முள் இருக்கும். பெரிய பச்சைக் கண். எங்களுக்கு வேண்டியது அதன் ஈரல். ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் நிறைந்திருப்பதால் முகப்பூச்சுத் தொழிலில் நல்ல கிராக்கி. விலை ஏற ஏற, தூண்டில் கயிற்றை இன்னும் ஆழத்துக்கு விட்டோம்.

வயிற்றைக் கீறினால் குட்டி இருக்கும். ஒன்று, மிஞ்சினால் சில. மத்தியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன் இதில்லை என்று கத்தி பிடித்த எல்லாருக்கும் தெரியும். அந்தக் குட்டி ஏறத்தாழ இரண்டு வருடம் தாய் வயிற்றில் கிடக்கிறது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். தூண்டிலை நிறுத்த, படிக்காமலே அறிந்தது எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு சரிவில் மீன் அற்றுப்போனால் அடுத்த சரிவுக்குப் போனேன்.

பொய்க்குக் காரணம் பயம். 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறாக்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது. எங்கள் கரையே கலங்கிப்போனது. எதிர்ப்புக்குப் பிறகு டிசம்பரில் தடையைச் சில இனங்களோடு நிறுத்தினார்கள். கடலோரத்தைக் கேட்காமல் போட்ட சட்டம் அது. அந்தக் கோபம் நியாயம் என்றே இன்றும் சொல்வேன். அந்த நியாயத்தை என் பொய்க்கு மறைப்பாக வைத்துக்கொண்டதுதான் குற்றம். உண்மையைச் சொன்னால் மறுபடி தடை வரும், பக்கத்துப் படகும் என் இடத்துக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நான் மறைத்தது எவ்வளவு பெரிது என்பது வேறு கடல்களின் கதையில்தான் புரிந்தது. மாலத்தீவில் 1980-களில் இதே ஈரலுக்காகத் தொடங்கிய தொழில், சில ஆண்டுகளிலேயே மீனில்லாமல் படுத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கு அப்பால் 1976-77-ல் ஆய்வுக் கப்பல் வலை இழுத்த இடங்களில் 1996-97-ல் மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். இந்த வகைச் சுறாக்கள் 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. முதல் கணக்கு உண்மையாக இருந்ததால்தான் அவர்களுக்கு அந்த அழிவு தெரிந்தது. நம் சரிவுகளில் அந்த முதல் கணக்கைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். இதுதான் என்னை உறங்கவிடாதது.

என் பழைய நோட்டுகளில் இடம், ஆழம், கிடைத்த ஈரல் எல்லாம் உள்ளபடி இருக்கிறது. அவற்றை ஆய்வாளர்களிடம் ஒப்படைக்கிறேன். பக்கத்து ஊர்களான வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறைப் படகுக்காரர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி நோட்டுகள் கிடக்கும். கொடுங்கள். எந்தச் சரிவில் இன்னும் மீன் மிச்சமிருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். எங்கே தூண்டில் இறக்கக்கூடாது என்பதை, இன்னொரு சட்டம் வந்து விழுவதற்கு முன் நாமே உட்கார்ந்து முடிவு செய்வோம்.