ஸ்காட்லாந்து மலை உச்சியில் ஒரு நாகப்பட்டினம் வாசல்!

"பாட்டி, உங்க ஊருக்கு நான் வரல. எனக்கு பயமா இருக்கு."

இன்வர்னெஸ் நகரில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய இரண்டாம் நாளே பத்து வயதுப் பேரன் இப்படிச் சொல்லிவிட்டான். பள்ளியில் 'என் குடும்பத்தின் ஊர்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவன் செல்போனில் நாகப்பட்டினம் என்று தேடியிருக்கிறான். வந்தவை எல்லாம் 2004 சுனாமிப் படங்கள். கவிழ்ந்த படகுகள், இடிந்த வீடுகள், அழுகிற பெண்கள். பிள்ளை மிரண்டுபோனதில் ஆச்சரியம் இல்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊர், பேரனுக்கு ஒரு பயமாக மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று இருந்தது.

அந்த வார இறுதியில் மகள் ஒரு திட்டம் போட்டாள். "அம்மா, இங்கே வழிகாட்டியோட நடைப்பயணம் கூட்டிட்டுப் போவாங்க. காடு, சரித்திரம், பேய்க்கதை எல்லாம் சேர்த்துச் சொல்வாங்க. ஃபைரிஷ்னு ஒரு மலை. அங்கே உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு." அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. என் முழங்கால் வலியைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். நடக்கவில்லை!

குதித்துத் தாண்டிவிடலாம் போல ஒரு பள்ளம்

இன்வர்னெஸ்ஸிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம். இரண்டு பெரிய பாலங்களைத் தாண்டினால் எவன்டன் என்ற சின்ன கிராமம். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவுக்காக வழிகாட்டி அங்கே காத்திருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கையில் ஒரு தடி, முதுகில் பை, முகம் நிறையச் சிரிப்பு. முதல் வேலையாக எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் பார்த்தார். என் கான்வாஸ் ஷூவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதற்கான காரணம் மதியம்தான் புரிந்தது.

முதலில் பிளாக் ராக் பள்ளத்தாக்கு. கிராமத்தை ஒட்டிய காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால், தரை திடீரென்று பிளந்துகிடக்கிறது. சில இடங்களில் அகலம் நான்கைந்து அடி எடுத்து வைக்கிற அளவுதான். ஆழமோ 36 மீட்டர். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை அதற்குள் இறக்கிவிடலாம். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது ஓடிவந்த தண்ணீர், பாறையைக் கத்தி போல அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அடியில் இன்றும் ஆறு ஓடுகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சத்தம் மட்டும் மேலே வரும். அந்த ஆற்றுக்கு அங்குள்ள கேலிக் மொழியில் 'அசிங்கமான ஓடை' என்று பெயராம்!

"ஹாரி பாட்டர் நாலாவது படத்துல டிராகன் துரத்துற சீனை இங்கேதான் எடுத்தாங்க" என்று பேரன் எனக்குப் பாடம் நடத்தினான். வழிகாட்டி சிரித்துவிட்டு, "அதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் பால்கனி என்று ஒரு மாளிகை. அதன் எஜமானி யாரோடும் ஒட்டாமல், தினமும் இந்தப் பள்ளத்தின் ஓரமாகவே தனியே உலாவுவாளாம். ஒருநாள் பணிப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். விளிம்புக்கு வந்ததும் யாரோ ஒரு ஆள் அவளை உள்ளே இழுத்துக்கொண்டான். போகிற கடைசி நொடியில் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றி வெளியே வீசினாள். அது ஒரு பாறையில் பட்டு அச்சு விழுந்தது. பல வருடங்கள் கழித்து மீன் கூடையைத் தொலைத்த ஒருவர், சிந்திய மீன்களைத் தொடர்ந்து பள்ளத்துக்குள் இறங்கினார். அங்கே ஒரு குகையில் அந்த அம்மாள் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தாளாம். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய நாய்கள் காவல். காப்பாற்ற வந்தவரைத் தடுத்து, நாய்களுக்கு ரொட்டியை வீசி, அவரைத் தப்பிக்க வைத்தாளாம்.

இந்த வட்டாரத்துக் கதைகளை எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்து எழுதியவர் ஹியூ மில்லர். பக்கத்து ஊரான குரோமார்ட்டியில் 1802-ல் பிறந்து, கல்தச்சராக வேலை பார்த்தவர். பாறைகளை உடைத்து உடைத்தே புவியியல் அறிஞராகவும் ஆனவர்.

"சாவிக்கொத்தை ஏன் வீசினாள்?" என்று பேரன் கேட்டான். "அவள் போய்விட்டாலும் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது இல்லையா?" என்றார் வழிகாட்டி. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எந்த ஊராக இருந்தால் என்ன, வீட்டுச் சாவி பெண்கள் இடுப்பில்தான்!

மருந்துக் கடை மாதிரி ஒரு காடு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலை ஏற்றம். ஃபைரிஷ் 453 மீட்டர் உயரம். இந்த ஊர்க் கணக்கில் அது குன்றுதான். எதிரே நிற்கும் பென் வைவிஸ் 1,046 மீட்டர். ஆனால் என் முழங்காலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பைன் மரக் காட்டுக்குள் பாதை செங்குத்தாக ஏறுகிறது. ஆகஸ்ட் மாதம் என்பதால் மரங்களுக்கு இடையே ஹெதர் புதர்கள் ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தன. அதன் நடுவே நம் ஊர் களாக்காய் நிறத்தில் பிளேபெர்ரி. பேரன் பறித்துத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டான்.

வழிகாட்டி பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தான் நின்றார் என்பது என் சந்தேகம்! ஒரு இடத்தில் பச்சைப் பாசியைப் பிடுங்கிப் பிழிந்தார். தண்ணீர் ஒழுகியது. ஸ்பாக்னம் என்ற இந்தப் பாசி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிராமத்துப் பெண்களும் குழந்தைகளும் இதைச் சேகரித்து உலர்த்தி அனுப்பினார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்கு இதுதான் கட்டு.

இன்னொரு செடியின் இலையைக் கசக்கிக் கையில் தேய்க்கச் சொன்னார். பாக் மிர்ட்டில். வாசனை தூக்கலாக இருந்தது. மிட்ஜ் எனப்படும் கடிப்பூச்சிக்கு இதுதான் பாட்டி வைத்தியம். கண்ணுக்கே தெரியாத அந்தப் பூச்சி கூட்டமாக வந்தால், நம் ஊர்க் கொசு சாது என்று தோன்றிவிடும்.

சிவப்புப் பழம் காய்த்த ரோவன் மரம் ஒன்று தனியாக நின்றது. "இதை வாசலில் வைத்தால் சூனியக்காரி வரமாட்டாள் என்பது நம்பிக்கை. அதனால் மலையில் ஆளே இல்லாத இடத்தில் ரோவன் நின்றால், நான் சுற்றிலும் கல் சுவரைத் தேடுவேன். ஒருகாலத்தில் அங்கே வீடு இருந்திருக்கலாம்" என்றார். வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "மேலே போய்ச் சொல்கிறேன்" என்றார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கான்வாஸ் ஷூ சொதசொதவென்று ஊறிவிட்டது. காலையில் அவர் உதட்டைப் பிதுக்கியதன் அர்த்தம் அப்போது விளங்கியது.

அந்த ஆச்சரியம்

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. மேகம் விலகியதும் உச்சியில் கல்லால் ஆன பெரிய வளைவுகள் தெரிந்தன. நடுவில் வாசல் போன்ற வளைவுகள், இரண்டு பக்கமும் தனித்தனித் தூண்கள். கோட்டையும் இல்லை, ஊரும் இல்லை. மொட்டை மலையில் வெறும் வாசல் மட்டும்.

"இது எந்த ஊர் வாசலின் மாதிரி தெரியுமா?" என்று வழிகாட்டி குழுவைப் பார்த்துக் கேட்டார். பிறகு தடுமாறித் தடுமாறி உச்சரித்தார்: "நெகபட்டம்."

பேரன் என்னைப் பார்த்தான். "பாட்டி, உங்க ஊரு!"

எனக்குக் கால் வலி மறந்துபோனது. மகள் கண்ணைச் சிமிட்டினாள்.

விஷயம் இதுதான். இந்த மலை ஹெக்டர் மன்றோ என்பவரின் நிலத்தில் இருந்தது. சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி. 1764-ல் பக்சார் போரில் ஜெயித்தவர். 1780-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை பெய்லி என்ற தளபதியின் படையை அழித்தபோது, சில மைல் தூரத்தில் இருந்தும் போய்ச் சேராமல் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவரும் இவரேதான். மறு வருடம், 1781 நவம்பரில், டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்த வெற்றியின் நினைவாக அந்த ஊர்க் கோட்டை வாசலைப் போல 1782-ல் சொந்த ஊர் மலையில் கட்டச் சொன்னது இது என்கிறார்கள்.

"அந்த வருடம் இங்கே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. பசித்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இதைக் கட்டினார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று, மேலே வந்த கற்களைத் தானே கீழே உருட்டிவிட்டு, மறுபடி தூக்கி வரச் சொல்லி மறுபடி கூலி கொடுத்தாராம்" என்றார் வழிகாட்டி.

"நல்லவரா, கெட்டவரா?" என்று பேரன் கேட்டான்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மலைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கைத் தடியால் காட்டினார். "அந்தப் பக்கம்தான் ஸ்ட்ராத்ரஸ்டேல். நிலப்பிரபுக்களுக்குக் குடியானவர்களைவிட ஆடுகள் லாபமாகத் தெரிந்த காலம் அது. மக்களை வெளியேற்றிவிட்டு ஆடு வளர்த்தார்கள். 1792-ல் இந்த வட்டார மக்கள் பொறுக்கமாட்டாமல் ஆடுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து ஊரைவிட்டே ஓட்டிக்கொண்டு போனார்கள். பட்டாளம் வந்து தடுத்தது. அதை 'ஆடுகளின் வருடம்' என்போம். ரோவன் மரத்து வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்டீர்களே, அப்படிப் போனவர்கள்தான். பலர் கப்பலேறிக் கனடாவுக்கே போய்விட்டார்கள். மன்றோவும் ஒரு பெரிய நிலப்பிரபுதான். கூலி கொடுத்தது நிஜமென்றால் அதுவும் ஒரு கணக்கு. இதுவும் ஒரு கணக்கு."

நான் ஈரக் கல்லில் கை வைத்து நின்றேன். அதே 1781-82-ல் எங்கள் தஞ்சாவூர்ச் சீமையும் போரில் சூறையாடப்பட்டுப் பட்டினி கிடந்தது. அங்கே பசி, இங்கேயும் பசி. இரண்டு பசிக்கும் நடுவில் ஒரு வெற்றி வாசல். அதைத் தூக்கிக் கட்டியவர்களுக்கு நாகப்பட்டினம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. இப்படி ஒரு வாசல் கட்டப்படுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்காது.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டையும் வழிகாட்டியிடம் சொன்னேன். "இரண்டும் சரிதான்" என்றார். தன் பிளாஸ்கிலிருந்து எனக்குச் சூடாக டீ ஊற்றிக் கொடுத்தார்.

கீழே குரோமார்ட்டி கடற்கழி பளபளவென்று தெரிந்தது. பழுது பார்க்க வந்த எண்ணெய்க் கிணற்று மேடைகள் கால் ஊன்றி நின்றன. பேரன் வாசலின் வழியே அந்தப் பக்கம் போனான், இந்தப் பக்கம் வந்தான். பிறகு கேட்டான்: "பாட்டி, டச்சுக்காரங்க எதுக்கு உங்க ஊருக்கு வந்தாங்க?"

இறங்குகிற வழி முழுக்க நான்தான் வழிகாட்டி. 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தது, துணி வியாபாரம், அதற்கெல்லாம் முன்னால் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம், நீலாயதாட்சி அம்மன் கோயில், நாகூர் தர்கா. சுனாமியையும் மறைக்கவில்லை. "ஆமாம், வந்தது. எத்தனையோ பேர் போய்ட்டாங்க. ஆனா ஊரு எழுந்து நின்னுச்சு. மறுபடி படகு கட்டி அதே கடலுக்குப் போனாங்க" என்றேன்.

கார் கதவைத் திறக்கும்போது பேரன் சொன்னான்: "எழுதின பக்கத்தை மாத்தணும். சுனாமி மட்டும் போட்டிருக்கேன்."

அடுத்த விடுமுறைக்கு வருகிறானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "நாகூர்ல அல்வா நல்லாருக்குமா?" என்று அவனே கேட்டான். அது எனக்குப் போதும்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ஃபைரிஷ் ஏறி இறங்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் மலை, காடுகளில் நடக்கலாம்.

* ஹெதர் பூப்பது ஆகஸ்ட்டில். மிட்ஜ் பூச்சித் தொல்லையும் கோடையில்தான். முழுக்கைச் சட்டை நல்லது. புல்லில் உண்ணி உண்டு. வீடு திரும்பியதும் கால்களைச் சோதியுங்கள்.

* வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு எடுங்கள். தண்ணீர் புகாத ஷூ கட்டாயம். என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்!

* பிளாக் ராக் பள்ளத்தின் விளிம்பில் பாசி வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். செல்ஃபிக்காக எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

* தனியாகப் போவதைவிட உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். பாதையைப் பலகை காட்டிவிடும். ரோவன் மரத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டை ஆள்தான் காட்ட முடியும்.