முடிச்சு விழும் நேரம்

அம்மா தையல் மிஷினை விட்டு வெகுநாளாகிறது. இருந்தாலும் அறுந்த பித்தானைத் தன் கையால் தைத்தால்தான் அவளுக்குத் திருப்தி. ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள். ஒருநாள் அவசரத்தில் நூல் நுனியில் முதலிலேயே முடிச்சுப் போட்டுவிட்டு, அதே நுனியோடு ஊசிக் காதில் மல்லாடிக்கொண்டிருந்தேன். "முடிச்சு விழுந்த நுனி எப்படிடா நுழையும்? மறுநுனியைக் கோத்துப் பாரு" என்றாள்.

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துபவன் நான். அந்தச் சொல் என்னோடு வகுப்பறைக்கும் வந்துவிட்டது.

நம் செல்லுக்குள் பிறக்கும் ஒவ்வொரு புரதமும் முதலில் ஒரு நூல்தான், அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கோத்த நூல். சுருண்டு மடிந்த பிறகே அதற்கு உருவம் வருகிறது. செல்லில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற குறிப்பும் அதனுள்ளேயே எழுதியிருக்கிறது. இதைக் கண்டு சொன்ன குந்தர் ப்ளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குறிப்பு மட்டும் போதாது, மடிப்பும் வேண்டும் என்று எனக்கு உணர்த்தியது ஏஜிடி என்ற கல்லீரல் நொதி.

392 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த நொதியின் வீடு பெராக்ஸிசோம் என்ற நுண்பை. அங்கே உண்டாகும் கிளையாக்ஸிலேட்டைத் தீங்கில்லாத கிளைசினாக மாற்றுவது இதன் வேலை. பெராக்ஸிசோமின் வாசல் தாராளமானது, மடிந்து முடிந்த புரதத்தை அப்படியே உள்ளே விடும். செல்லின் இன்னொரு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வாசலோ ஊசிக் காது. மடியாத நூலாக வந்தால்தான் வழி.

சிலருக்குப் பிறப்பிலேயே ஏஜிடியின் 11ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகச் சொல்லும் மெல்லிய குறிப்பு ஒன்று முளைத்திருக்கும். அதனால் மட்டும் கெடுதி இல்லை. நொதி சட்டென்று மடிந்து இரண்டிரண்டாய் இணைந்துவிடுவதால் பெரும்பகுதி அந்தக் காதில் நுழையாது. கூடவே 170ஆம் இடத்திலும் மாற்றம் இருந்தால் விபரீதம். மடிவதும் இணைவதும் தாமதமாகி, முடிச்சு விழுமுன்பே நூல் நுழைந்துவிடுகிறது.

1989இல் கிறிஸ்டஃபர் டான்ப்யூரின் குழு இரண்டு நோயாளிகளிடம் இந்த இடமாற்றத்தைக் கண்டது. நொதி இருந்தது, அதற்கு வேலை செய்யும் திறனும் இருந்தது. ஆனால் அது மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது, கிளையாக்ஸிலேட் பெராக்ஸிசோமில் இருந்தது. தேங்கிய கிளையாக்ஸிலேட் ஆக்ஸலேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தில் கல்லாகிறது. சின்னக் குழந்தைகளின் சிறுநீரகம்கூடச் செயலிழந்துவிடக்கூடிய நோய் இது.

இந்தப் பாடத்தை எடுக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கும். திறமை இருந்தும் இடம் தவறியதற்காக ஒரு பிள்ளை இவ்வளவு வலியைச் சுமக்க வேண்டியிருக்கிறதே!

ஆறுதலும் இதிலேயே உண்டு. 170ஆம் இடத்து மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு வைட்டமின் பி6 பலன் தருகிறது. அந்த வைட்டமின் உடலில் உருமாறி நொதியோடு ஒட்டிக்கொண்டு, அது ஒழுங்காய் மடியத் துணை நிற்கிறது. முடிச்சு மறுபடி நேரத்துக்கு விழத் தொடங்குகிறது.

இப்போதெல்லாம் இந்தப் பாடத்துக்கு ஊசியும் நூலும் கொண்டுபோகிறேன். முடிச்சுப் போட்ட நுனியை முதலில் மாணவர்கள் கையில் கொடுத்து, கோத்துப் பார்க்கச் சொல்கிறேன்.